பேர் கூப்பிட்டபோது பேசாதிருந்த நாட்கள்

என் குரல் போனது ஒரு குழந்தையின் குழியோரத்தில். முதல் பெரிய யுத்தம் முடிந்த சமயம் அது. பதுளைக்கு இன்னும் ரயில் வந்திருக்கவில்லை. விஷக்காய்ச்சல் கூலி வீட்டு வரிசைகளில் லயம் லயமாக மேலேறிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் எழுந்திருக்கவில்லை. உபதேசியாரும் படுத்துவிட்டார். ஜெபக்கூடத்தில் பாட்டு எடுத்துக்கொடுக்கிறவள் நான் என்பதால் அடக்கங்களுக்கெல்லாம் என்னையே கூப்பிட்டார்கள். மழையில் நின்று பாடினேன். இருமிக்கொண்டே பாடினேன். முந்தானையைப் பிழிந்து உதறுவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்கும்.

கடைசியாகப் பாடியது முனியம்மாவின் மகனுக்கு. அவள் நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல, சாமி கும்பிடுகிறவள், லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவள். சாவுக்குத் தப்பு அடிக்கிறவர்கள் எல்லாரும் காய்ச்சலில் கிடந்தார்கள். பிள்ளையைச் சத்தமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போவதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு பாட்டாவது பாடும்படி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போனேன். இரண்டாம் சரணத்தில் குரல் கிழிந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. திரும்பும் வழியில் துப்பினேன். இரத்தம் இருந்தது.

என் அக்கா அருளாயிக்கும் முந்தி இப்படித்தான் தொடங்கியது. ஹாலிஎலயில் வாழ்க்கைப்பட்டவள், அவளும் நன்றாகப் பாடுவாள். முதலில் குரல் போனது. பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு அவள் இல்லை. லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் எல்லார் கண்ணும் என் தொண்டையில்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் தேவசகாயம் என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போனார். அப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்தவர், வழியில் என்னைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. யாழ்ப்பாணத்து டாக்டர் ஐயா ஒரு சிறு கண்ணாடியை விளக்கில் சூடுகாட்டி என் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்றார்.

"நல்ல கட்டியோ பொல்லாத கட்டியோ, இப்ப சொல்ல ஏலாது. ஈஸ்டர் முடியுமட்டும் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது" என்றார். அப்படியும் குறையாவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை எனக்கு வராத அந்தப் பதிலின் மேல்தான் நினைப்பு.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியிருந்தன. ஊமையாக இருப்பது கஷ்டமில்லை, தோட்டத்தில் ஊமையாக இருப்பதுதான் கஷ்டம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார். அவரவர் வாயால் பதில் சொன்னால்தான் அன்றைக்குக் கணக்கில் பேர் விழும். பேர் விழாவிட்டால் வேலையில்லை, அரிசியுமில்லை. காய்ச்சல் நாட்களில் செத்தவர்கள் பேருக்கு யாரோ முனகி அரிசி வாங்கிவிட்டார்கள் என்று புகார் எழுந்ததால், ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுக்கவே கூடாது என்று தோட்டத்துத் துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் கங்காணி யேசுதாசன் நம் சபையின் மூப்பர். என் நிலைமையை வீட்டுக்காரர் போய்ச் சொன்னார். கங்காணி இரங்கவில்லை. சாமி கும்பிடுகிறவர்களின் பிள்ளைக் குழியில் போய்ப் பாடினால் ஆண்டவர் வாயைக் கட்டாமல் என்ன செய்வார் என்று கேட்டாராம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றும் சொல்லியனுப்பினார். சட்டம் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. முந்திச் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒருவேளை அதுதான் உண்மையோ என்று அடுப்பு ஊதும்போதும் யோசித்தேன்.

மறுநாள் பனிமூட்டத்தில் நின்றேன். "பாக்கியம்" என்று கூப்பிட்டார். கையைத் தூக்கினேன். இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு அடுத்த பேருக்குப் போய்விட்டார். காய்ச்சலில் போனவர்கள் பேரைக் கூப்பிட்டபோது களத்தில் விழுந்த அதே அமைதி என் பேருக்கும் விழுந்தது. நான் உயிரோடு நின்றுகொண்டே அதைக் கேட்டேன்.

அன்று வெறுங்கையோடு திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஜெபிக்க வரவில்லை. சிறுவயதிலிருந்து எனக்கு ஜெபம் என்றால் பாட்டுதான். பாட்டில்லாமல் ஆண்டவரிடம் எந்தப் பக்கம் திரும்பிப் பேசுவது என்றே தெரியவில்லை. கோபம் வந்தது. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொண்டு இப்போது என்ன கேட்கிறீர் என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன். சண்டையும் ஓய்ந்தது. சொல் ஒன்றும் மிச்சமில்லை. அப்படியே இருந்தேன். பயம் போகவில்லை, ஆனால் அந்தப் பயத்தோடு நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. நாளைக்கு வாயைத் திறப்பதா மூடுவதா, நீரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மூடுபனி இன்னும் அதிகம். வீட்டில் என் மகள் ரத்தினம் பசியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். தொண்டை போனால் போகட்டும் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. "பாக்கியம்" என்றார் கங்காணி. என் உதடு பிரிந்தது. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்காங்க."

முனியம்மா. யாரது என்று கங்காணி அதட்டினார். அவள் முன்னே வந்து நின்றாள்.

"நான்தாங்க. எம்புள்ளைக்குப் பாடித்தான் அக்காவுக்கு வாய் போச்சு. செத்தவங்களுக்கு நான் சொல்லலீங்க. இந்தா நிக்கிறாங்க, பாருங்க. வேணும்னா எம்பேர வெட்டுங்க."

அந்தக் காலத்தில் பேரை வெட்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிறகு அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் "இருக்காங்க" என்றாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். கங்காணி வெகுநேரம் என்னையே பார்த்தார். கடைசியில் பேர் போட்டார். அன்று முதல் என் பேர் வரும்போதெல்லாம் முனியம்மாவைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். ஆண்டவரிடம் நான் கேட்ட வழி இதுவல்ல. ஆனால் கேட்டதற்கு வந்த பதில் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அரிசி வந்தது. கட்டி போகவில்லை. லெந்து பாதியில் ஒருநாள் கஞ்சி புரையேறியது. மூச்சு நின்றுபோனது போல் இருந்தது. அக்காவுக்குப் புரையேறிய நாள்தான் கண்முன் வந்தது. வீட்டுக்காரர் முதுகைத் தட்டினார். ரத்தினம் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். வீட்டில் பேச்சு நின்றுபோனதால் அவளும் பேச்சைக் குறைத்துவிட்டாள். எதுவானாலும் கையைக் காட்டுவாள். அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடாமலே செத்துப்போவேனோ என்ற பயம், சாவுப் பயத்தைவிடப் பெரிதாயிருந்தது.

ஜெபக்கூடத்தில் கடைசிப் பலகையில் உட்கார்ந்தேன். அங்கேதான் முதல் முறையாக நம் பாட்டுகளைக் காதால் கேட்டேன். முன்னே நின்ற காலத்தில் அடுத்த அடியை எங்கே தூக்குவது, யார் தாளம் விடுகிறார்கள் என்பதிலேயே மனசு இருக்கும். எத்தனையோ வருஷம் நான் பாடிய வார்த்தைகள் எனக்காகவும் எழுதப்பட்டவை என்று அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் அறிந்தேன். அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஈஸ்டர் முடிந்து பதுளைக்குப் போனோம். ரத்தினமும் வந்தாள். டாக்டர் மறுபடியும் கண்ணாடியைச் சூடுகாட்டினார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாச் சுருங்கியிருக்கு. பொல்லாததெண்டா இப்படிச் சுருங்காது. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ பார்ப்பம்" என்றார்.

முதல் சொல் தோத்திரமாக இருக்க வேண்டும் என்று லெந்து முழுவதும் அதை உள்ளே வைத்துப் பழகியிருந்தேன். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தால் என்ன செய்வேன் என்று பயந்தேன். பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"ரத்தினம்."

தடித்த, கரகரத்த குரல். எனக்கே வேறு யாரோ பேசியது போலிருந்தது. பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பி, டாக்டரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவா?" என்றாள்.

பழைய குரல் திரும்பவில்லை. உச்சத்துக்குப் போகிற பாட்டை இப்போது மற்றப் பெண்கள் பாடுகிறார்கள், நான் கீழே நின்று கூடப் பாடுகிறேன். கட்டி மறுபடியும் வளரலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். தொண்டை கரகரத்தால் இன்றைக்கும் துப்பி, இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆகையால் சனிக்கிழமைகளில் பேசுவதில்லை, ஆண்டவருக்கு முன் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன். பாடுகிற என் சகோதர சகோதரிகளே, வலிக்கிற தொண்டையோடு அவருக்காகக் கத்தாதீர்கள். உங்கள் பாட்டு நின்றுபோனாலும் அவர் உங்களைக் கேட்காமல் இருக்கமாட்டார். நான் அன்று தோத்திரம் சொல்லவில்லை, என் பிள்ளையைக் கூப்பிட்டேன். அதையே தோத்திரமாக ஏற்றுக்கொண்டவரை நீங்களும் நம்புங்கள்.