லைனில் இருந்தவர்

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட் முதலாளி, ஃபேக்டரியை மூடிவிட்டு, உள்ளே கிடக்கும் மெஷின்களைக் கண்காணிக்கக் கேமரா மாட்டச் சொன்னார். குன்னூரிலிருந்து நான் போனேன். ஆளுக்குக் கூலி கொடுக்கத்தான் வழியில்லை. மெஷினில் இருக்கும் துருகூடப் பளிச்சென்று தெரிகிற உயர்ரகக் கேமரா வேண்டுமாம். எனக்கென்ன, மாட்டினேன்.

ஃபேக்டரி பள்ளத்தில், டிவி வைத்த ஆபீஸ் மேட்டில். அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண நெட்வொர்க் கேபிள் தாங்காது. அதனால் அங்கே ஏற்கெனவே கிடந்த பழைய போன் கேபிளை எடுத்து, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி வைத்தேன். கீழே இருப்பது படத்தைச் சுருக்கி அனுப்பும், மேலே இருப்பது விரித்துக் காட்டும். அசைவதை மட்டும்தான் புதிதாக அனுப்பும். அசையாததற்குப் பழைய படமே போதும். சுருக்குகிற தந்திரம் அதுதான்.

அங்கே மிச்சமிருந்த ஒரே ஆள் வாட்ச்மேன். சிறு வயதில் சிலோனிலிருந்து வந்தவர். தொழிலாளர் குடியிருப்பில் அவரும் மனைவியும் மட்டும்தான். கேமரா ஓடினால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியும் அந்த அம்மா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசி நாள் மத்தியானம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரே மூட்டம், தூறல். டிவியில் படம் விட்டுவிட்டு வந்தது. எரிச்சலில் கூட்டாளியிடம் போனில் கத்தினேன்: "பழைய லைனப் புடுங்கிப் போட்டுடலாம்ங்க, இது தேறாது."

டம்ளரோடு நின்ற அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "லயத்தையா புடுங்கப் போறீங்க? நாங்க எங்க போவோம்?"

எஸ்டேட்டில் லைன் என்றால் குடியிருப்பு வரிசை. சிலோன்காரர்களுக்கு அது லயம். எனக்கு மறந்தே போயிருந்தது. "ஐயோ, கேபிளச் சொன்னனுங்க" என்று சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தா இருக்காரு பாருங்க" என்று டிவியைக் காட்டினார். தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்து நாற்காலியில், மப்ளர் சுற்றிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார் வாட்ச்மேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன் உள்ளே வந்தார், சொட்டச் சொட்ட நனைந்து.

டிவியிலும் அவர் அப்படியே இருந்தார். அந்த அம்மா அவர் கையை எட்டிப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரியும். அவர் எழுந்த நேரம் பார்த்துக் கேபிள் விட்டுப்போயிருக்கும், மேலே இருந்த பெட்டி பழைய படத்தையே பிடித்து வைத்திருக்கும். தெரிந்தும் டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

வாட்ச்மேன் மட்டும் டிவியை நிதானமாகப் பார்த்தார். "அவன் லீவு கேக்க மாட்டான், இல்லீங்களா?" என்றார்.

மேலே இருந்த பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டேன். நாற்காலி காலியானது. புதுக் கேபிள் இழுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

சில வாரம் கழித்து முதலாளி போன் செய்தார். "ஏனுங்க, அந்த லைனக் காலி பண்ணியாச்சு. புருசனும் பொண்டாட்டியும் திருப்பூர் போயிட்டாங்க. ஃபேக்டரியப் பூட்டி, சாவி எங்கிட்டத்தான் இருக்குது. ஆனா டிவில அந்த ஆளு இன்னும் உக்காந்திருக்கான். உங்க லைன்லதான் என்னமோ கோளாறு."

மறுபடியும் அதே பழைய படம்தான், பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். போனிலேயே சொல்லியிருக்கலாம். அவரை இன்னொரு தடவை காலி பண்ணச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவரு இருக்கட்டுங்க" என்றேன்.