பகல் தூக்கமும் மெலடோனின் மாத்திரையும்

ஈரல் சுருங்கும் நோயால் என் கணவர் ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுப் பல மாதங்களாகியும், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தார். நைட் ஷிஃப்ட் பழக்கம் இன்னும் போகவில்லை என்றே நினைத்தேன். இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில் அவரும் குழந்தையும் தூங்க, பகலெல்லாம் பேச ஆளின்றி இருப்பேன். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்த அவருடைய நண்பர், தூக்கத்தைச் சீராக்கும் என்று மெலடோனின் மாத்திரை தந்தார். உடம்பில் தானாகச் சுரப்பதுதானே என்று, டாக்டரைக் கேட்காமல் அன்றிரவே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாலைவரை அவர் எழவில்லை. "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு இன்னும் தூங்கிகினு கீறாரு?" என்றார் வீட்டுச் சொந்தக்கார அம்மா. "ஷிஃப்ட் ஆளுங்க அப்படித்தான்க்கா" என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன். அவர் பழைய யூனிஃபார்மைப் பட்டன் மாற்றிப் போட்டுக்கொண்டு, "கம்பெனி பஸ் வந்துடுச்சா, சார்?" என்று என்னிடம் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக அந்த அம்மாதான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். "ஈரல் நோய்ல தூக்கம் தலைகீழா மாறுறது, மூளை பாதிக்கிறதோட அறிகுறியா இருக்கலாம்மா. ஈரல் கெட்டிருக்கிறதால இந்த மாத்திரையும் அவர் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. தேவைன்னா நாங்க பார்த்துத் தருவோம்" என்றார் டாக்டர்.

பிழைத்துக்கொண்டார். இப்போது எந்த மாத்திரையானாலும் டாக்டரிடம் கேட்டபிறகே தருகிறேன். பகலில் அவர் கண்ணயர்ந்தால், எழுப்பி என் பெயரைக் கேட்கிறேன். "செல்வி" என்று அவர் சொல்லும்வரை, அந்த அறையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.