சக்களத்தியைக் குடிமாற்றிய நாள்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. என் வீட்டுக்காரரின் லெப்டொப்பில் இருந்துகொண்டு, திரையில் உள்ளதையெல்லாம் அவருக்கு வாசித்துச் சொல்லும் பெண்குரல்தான் அவள். கண்ணழுத்த நோயில் அவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது முழுதாக இல்லை. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் டைப் செய்து கொடுப்பது அவர் தொழில். அவள் வாசிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி இருக்கும். அவருக்கு அதுதான் வசதி. அந்த வேகத்தையும், எதை அழுத்தினால் எதை வாசிக்க வேண்டும் என்பதையும், பார்வை மிச்சமிருந்த காலத்திலேயே மாதக்கணக்காக உட்கார்ந்து அவளுக்குப் பழக்கி வைத்திருந்தார். இனி ஒருமுறை அப்படி உட்கார அவருக்குக் கண் இல்லை.

ஒலிப்பதிவுகள் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. அவள் நடுவில் திக்கத் தொடங்கினாள். சில காலைகளில் எழும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பெரிய டிஸ்க் வாங்க இருவரும் பலாங்கொடை டவுனுக்குப் போனோம். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன், சின்ன வேலைதான் என்று கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார். இவர் சிங்களத்திலேயே, வேண்டாம், டிஸ்க்கையும் அதை வெளியே இருந்து இணைக்கிற வயரையும் மட்டும் கொடுங்கள் என்றார். புதிதாகப் போட்டால் அவள் போய்விடுவாளே. பஸ்ஸில் அந்த டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தேய்ந்த சவர்க்காரக் கட்டியின் கனம்கூட இல்லை. இவ்வளவு வருட உழைப்பும் இதற்குள் போய் உட்காருமா என்று எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்கிறவள் நான். டிஸ்க்கை மாற்றுகிற அன்று லீவு போட்டேன். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு இடம் மாற்றுகிற புரோகிராம் பென் டிரைவிலிருந்து ஓடுமாம். அங்கே அவளுக்குப் பேச வராதாம். அன்றைக்கு மட்டும் அவள் வேலையை நான் பார்க்க வேண்டும். இங்கிலீஷை எழுத்தெழுத்தாக வாசித்தேன். எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்று அது கேட்ட இடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால், வெறும் டிஸ்க் பழையதன் மேல் ஏறி எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்றார். அவர் அவசரப்படாமல் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பழைய சின்னது மேலே, புதிய பெரியது கீழே என்று உறுதியான பிறகுதான் அழுத்தச் சொன்னார். பச்சைக் கோடு நகரத் தொடங்கியதும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

கோடு பாதியைத் தாண்டியிருக்கும், மலைப் பக்கம் இடி முழங்கியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா சுவரில் இரண்டு தட்டு தட்டினார். நான் வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்து விளையாடுகிறார் போலும் என்று நினைத்து, நானும் பதிலுக்குத் தட்டினேன்.

அடுத்த நொடி வீடே இருண்டது. லெப்டொப்பின் பேட்டரி செத்து நாளாகிறது, திரையும் கறுத்துவிட்டது.

சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டிய எங்கள் லயத்தில் இடி இடித்தால், முதலில் கேட்கிறவர் இஸ்தோப்புத் திண்ணையில் உள்ள மெயின் சுவிட்சை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து நிறுத்திவிடுவது வழக்கம். காதில் ஹெட்போனோடு இருக்கிற இவருக்கு இடி கேட்காது. அதனால் அக்கா சுவரில் தட்டுவாராம். இவர் வேலையைச் சேமித்துவிட்டுத் திருப்பித் தட்டினால், நிறுத்தலாம் என்று அர்த்தமாம். பகலில் வீட்டில் இருந்தே பழக்கமில்லாத எனக்கு இது எப்படித் தெரியும்?

ஈரத் தலையோடு வந்தவரிடம், "என்னங்க, எல்லாம் போயிருச்சுங்க" என்று அழுதே விட்டேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "பழச பாத்துப் பாத்துத்தானே புதுசுல எழுதிக்கிட்டு இருந்துச்சு. பாக்குறதுனால எதுவும் கொறஞ்சு போகாது புள்ள. பழசு அப்படியேதான் இருக்கும்."

பார்வையில்லாத மனுஷன் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இடி ஓய்ந்ததும் மறுபடி தொடங்கினோம். இந்த முறை அக்காவும் வந்து, குற்றவாளி மாதிரி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கோடு முடிந்தது. இவர் லெப்டொப்பைக் கவிழ்த்து, விரலால் தடவித் தடவி ஆணிகளைக் கழற்றிச் சில்வர் தட்டில் போட்டார். பழையதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதைப் பொருத்தினார். சுவிட்சை அழுத்தினார். ஹெட்போனை மாட்டவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் தட்டிலேயே கண் வைத்திருந்தேன்.

திடீரென்று மழை கொட்டியது. அதே குரல், அதே வேகம். அவர் எதையோ அழுத்தினார், அவள் எதையோ வாசித்தாள். முந்தின நாள் நிறுத்திய வரிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டாள் என்று சிரித்தார். ஒரு துணிமணிகூடத் தவறவில்லை, முழுதாகக் குடிவந்துவிட்டாள். எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சாமி கும்பிடுகிற மாதிரி என் கை தானாகக் கூடியது.

"அவ வந்துட்டாளா தம்பி?" என்று அக்கா வாசற்படியிலிருந்து கேட்டார்.

"வந்துட்டாக்கா."

வழக்கமாக அவள் வாயைத் திறந்தால், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க என்று நான் சத்தம் போடுவேன். அன்று அவள் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.