மஞ்சள் தடவிய மல்லாட்டை

எங்கள் ஊரில் ராஜாங்கம் முடிந்து குடியரசு பிறந்த நாளில் நான் அங்கே இருந்தேன். இருந்தேன் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. அந்தக் குடியரசைப் பிறப்பித்ததே நான்தான். அறுபது வருடங்களுக்கு மேலாக இதை யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் தொலைக்காட்சியில், எங்கோ ஒரு நாட்டில் ராஜாவையே வைத்துக்கொள்வதா, ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதா என்று நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். பேரன் திரும்பி, "நீ எந்தக் கட்சி தாத்தா?" என்றான். இதைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஊர், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில். எங்கள் ராஜா என் பெரியப்பா. கிரீடம் கிடையாது; நாட்டாமை என்று பெயர். அப்பாவுக்குப் பின் மூத்த மகன் என்று தலைமுறை தலைமுறையாக வந்த பதவி. வழக்குத் தீர்ப்பதெல்லாம் அதில் சின்ன வேலை. ஏரி மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று சொல்வதுதான் பெரிய வேலை. தண்ணீர் முதலில் பெரியப்பாவின் நிலத்துக்குப் போகும், பிறகு அவருக்கு வேண்டியவர்களுக்கு. கடைமடைக்கு வந்து சேரும்போது தவளை நனையும் அளவுக்குத்தான் இருக்கும். கடைமடை காய்ந்தால், அங்கே கூலிக்குப் போகும் காலனிக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

பெரியப்பாவின் கடைசித் தம்பியான என் சித்தப்பா திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தார்; வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அங்கிருந்து தினமும் ஒரு செய்தித்தாளும் ஒரு கோபமும் கொண்டுவருவார். அந்த வருடம் தை மாதம் ஊர்ச் சாவடியில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று, இனி நாட்டாமையை ஊர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். பாகப்பிரிவினையில் அவருக்குக் கிடைத்த நிலம் கடைமடையில் இருந்தது. அதை அவர் அன்று குறிப்பிடவில்லை.

பெரியப்பா சிரித்தார். "லண்டன்ல இன்னும் ராணிதான் ஆண்டுக்கினு கீறாங்க. அங்க இன்னா, மழை பெய்யாமலா பூட்ச்சி?"

"அங்க மதகை ராணி தொறக்கறதில்லண்ணே," என்றார் சித்தப்பா.

சாவடியே சிரித்தது. பெரியப்பாவின் பக்கத்தில் இருந்த ஒருவர் விடவில்லை. "ஓட்டு வாங்கினு வர்றவன் இருக்கிற வரிக்கும் வாரிக்கினு போவான். பரம்பரைக்காரனுக்குத்தான் ஊர் மேல ஒரு பயம் இருக்கும்."

"பயந்துக்கினு இருந்தா போன வருசம் கடைசி வயல் ஏன் காஞ்சுது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பெரியப்பா குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வைங்கடா ஓட்ட. ஊருக்கு நான் வேணாம்னா எனக்கும் இது வேணாம்," என்றார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மன்னராட்சிக்கும் மக்களாட்சிக்கும் உள்ள வேறுபாடுகளை அந்த வாரம்தான் மனப்பாடம் செய்திருந்தேன். எட்டு வேறுபாடுகள். எட்டிலும் மன்னர் தோற்றிருந்தார்.

மண்டிக்காரர் யோசனை என்பதால் மல்லாட்டையே ஓட்டாயிற்று. வீட்டுக்கு ஒரு காய். வேறு காயைக் கொண்டுவந்து யாரும் போட்டுவிடாதபடி, காய்களுக்கெல்லாம் மஞ்சள் குழைத்துத் தடவி உலர்த்தினார்கள். காலனியிலும் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாக வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக நின்று வாங்கிவிட்டார். ஆக நூற்று இருபத்து மூன்று காய்கள். சாவடியின் உள்ளறையில் புடவை மறைப்புக்குப் பின்னால் இரண்டு பானைகள். சுண்ணாம்புக் கோடு போட்டது பெரியப்பாவுக்கு, செம்மண் கோடு போட்டது சித்தப்பாவுக்கு.

போட்ட காயை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு ஆள் வேண்டும். அவனுக்கு ஓட்டு இருக்கக்கூடாது, இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவனாக இருக்க வேண்டும். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவரின் மகன். யார் எதில் போட்டார்கள் என்று வெளியே சொல்லக்கூடாதென்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். அந்தச் சத்தியத்தை மட்டும், இதை எழுதும்வரை, காப்பாற்றினேன்.

காலையிலிருந்து ஒவ்வொரு காயாக எண்ணிக்கொண்டே வந்தேன். பிற்பகலில் அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று என்று நின்றது. கடைசியாக வந்தவர் காலனியிலிருந்து ஒரு வயதான அம்மா. அவர் கூரை மழையில் சரிந்தபோது கீற்று கொடுத்தவர் பெரியப்பா. காயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுண்ணாம்புப் பானையில் போட்டுவிட்டுப் போனார். என் குடியரசு ஒரு காயில் தோற்றுவிட்டது.

பசித்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். பசிக்கவில்லை; மதியம் அத்தை வயிறு நிறையக் கேப்பைக்களி போட்டிருந்தாள். சுண்ணாம்புப் பானையில் கையைவிட்டு, மேலாக இருந்த மூன்று காய்களை எடுத்துப் பல்லால் உடைத்துத் தின்றேன். உடைத்த தோலைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன். இரண்டே போதும். மூன்றாவதைப் பத்திரத்துக்காகத் தின்றேன்.

எண்ணினார்கள். சித்தப்பாவுக்கு அறுபத்தொன்று, பெரியப்பாவுக்கு ஐம்பத்தொன்பது.

"மூணு காய் எங்கடா?" என்று ஒருவர் துள்ளினார். "மண்டிக்காரன் வேலையக் காட்டிட்டான்!" என்றார் இன்னொருவர். சித்தப்பாவின் சட்டையை யாரோ பிடித்தார்கள். சித்தப்பா இரண்டு பானைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, குனிந்து முகத்தைப் பார்த்தார். ஈரப் பல்லால் கடித்ததில் என் உதடும் விரல்களும் மஞ்சளாகி இருந்திருக்கும்; எனக்கு அது தெரியாது. அவர் என் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எலி தின்னுட்டு பூட்ச்சிடா. எலிக்கே நம்ம ஆட்சி புடிக்கல, வுடுங்க. சட்டைய வுடுறா, அவன் இனிமே நாட்டாமை."

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு யாருக்கும் அடிக்கக் கை வரவில்லை. அப்புறம் கேட்க வேண்டுமா! மேளம் முழங்க ஊரே ஏரிக்குக் கிளம்பியது. சித்தப்பா மதகைத் திறந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளைகள் தண்ணீரின் முன்நுனியோடு பந்தயம் வைத்து வாய்க்கால் ஓரமாகவே ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் கடைமடை நனைந்தது. அந்த வருடம் அங்கே விளைந்த நெல்லைப் பற்றி ஊர் இன்றைக்கும் பேசுகிறது. பிறகு ஒருமுறை சித்தப்பாவும் ஓட்டில் தோற்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். இன்னொரு முறை காலனியிலிருந்து ஒருவர் ஜெயித்தார். அத்தனையும் நடந்தது, நன்றாகவே நடந்தது.

நான் ஆசிரியரானேன். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடிகளில் உட்கார்ந்திருக்கிறேன். விரலில் மை வைக்கக் கையை நீட்டும் ஒவ்வொரு வயதான அம்மாவும் எனக்கு அந்த அம்மாதான். வாழ்நாளில் முதல்முறையாக ஊர் அவரை ஒரு சொல் கேட்டது. அந்தச் சொல்லை நான் மென்று விழுங்கிவிட்டேன். நான் ஓட்டின் கட்சிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக நான் செய்தது, என் பெரியப்பாகூட எந்த நாளும் செய்யாத அராஜகம். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்று ஏரிக்குப் போகும் வழியெல்லாம் பெரியப்பா என் கையை விடவில்லை. ஜெயித்தவனின் கையைத் தோற்ற ராஜா பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கூட்டம் வரும் முன் மதகடியில் என்னை இறக்கி, ஏரித் தண்ணீரில் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ஈரத் துண்டால் வாயை அழுத்தித் துடைத்தார். கால்சட்டைப் பையைத் தானே உதறிவிட்டார்.

"ஜல்தி வாயக் கொப்புளிடா, உங்க சித்தப்பன் மாலையோட வந்துக்கினு கீறான்," என்றார்.

புது நாட்டாமைக்கு முன்னால் சுத்தமாக நிற்க வேண்டும் என்று பெரியப்பா அதற்குள் மரியாதை கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.