குறையவே குறையாத ஐந்து பிரதிகள்

ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டன் ஊரில் மெரின் டாஸ்கரைப் போல ஒரு பிடிவாதக்காரியைப் பார்க்க முடியாது. இருபத்தாறு வருடமாகக் காமிக்ஸ் கடை நடத்துகிறாள். இன்றும் புதன்கிழமை மாலை பென்சிலும் கையுமாக ஒவ்வொரு அலமாரியையும் தானே எண்ணினால்தான் அவளுக்குத் திருப்தி. ஒரு புத்தகம் இரண்டு பிரதிக்குக் கீழே போனால் மறு ஆர்டர், இல்லாவிட்டால் கிடையாது. கம்ப்யூட்டர் வேறு கணக்குச் சொன்னால் கம்ப்யூட்டரைத்தான் திருத்துவாள். பதினோரு வருடமாக அவளிடம் வேலை பார்க்கும் நான் சொன்னாலும் கேட்க மாட்டாள்.

அவளையே குழப்பிவிட்டது ஒரு மெல்லிய புத்தகம், 'பள்ளத்தாக்குப் பூதம்'. உள்ளூர் பஸ் டிரைவர் கோரி பெஸ்விக் தானே வரைந்து, தானே அச்சடித்து, ஐந்து பிரதி வைத்துவிட்டுப் போனது. வாராவாரம் ஒன்றிரண்டு விற்றதாகக் கம்ப்யூட்டர் சொல்லும். அலமாரியில் பார்த்தால் ஐந்தும் அப்படியே இருக்கும். மெரின் மறுபடி ஐந்து என்று திருத்துவாள்.

முதலில் கம்ப்யூட்டரைத் திட்டினாள். அப்புறம் என்னைத் திட்டினாள். அப்புறம் திட்டுவதையே நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பச்சை முடிப் பொண்ணு ஒருத்தி. என் கையால பையில போட்டுக் கொடுத்தேன்," என்றாள் ஒரு நாள். "இங்க பாரு, அஞ்சும் இருக்கு. அப்போ நான் யாருக்கு என்னத்தக் கொடுத்தேன்?"

"கனவு கண்டிருப்ப," என்று கேலி செய்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் அம்மா கடைசி நான்கு வருடம், பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் இருந்து போனவள்.

"மூணு மாசம் கழிச்சு வர்ற புத்தகத்துக்கு இன்னிக்கே ஆர்டர் போடணும். நேத்து வித்தது எதுன்னே தெரியாதவ அத எப்படிப் போடுறது?" என்றாள். ஞாபகப் பரிசோதனைக்கு டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தாள். அதற்குக்கூடக் காத்திருக்க மனமில்லாமல், கடையை விலைக்குக் கேட்ட ஹோபார்ட் நகரத்துக்காரருக்கு வெள்ளிக்கிழமை சரி சொல்லப்போவதாக இருந்தாள்.

வியாழக்கிழமை, புதுப் புத்தகங்கள் வரும் நாள், கடையில் நல்ல கூட்டம். கீழ்த்தட்டில் குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பஸ் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு கை பூதம் புத்தகத்தை நோக்கி நீண்டது. லபக்கென்று பிடித்தேன்.

"கோரி! உன் புத்தகத்த நீயே திருடுறியா?"

"ஐயோ, கத்தாத. திருடல. வைக்கிறேன்."

சட்டைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பிரதிகள் எட்டிப் பார்த்தன. இடம் காலியானால் மெரின் அங்கே வேறு புத்தகம் வைத்துவிடுவாள் என்று பயமாம். இன்னும் வேண்டுமா என்று கேட்கக் கூச்சமாம். அதனால் விற்க விற்க நிரப்பியிருக்கிறான், ஐந்து மாதமாக. அடப்பாவி, குறைந்தால்தானே அவள் ஆர்டரே போடுவாள்! எனக்கு வந்த கோபத்தில் கையை விடாமல் இழுத்துக்கொண்டு போய் மெரின் முன்னால் நிறுத்தினேன்.

கோரி ஒன்று விடாமல் சொன்னான். "மன்னிச்சிடுங்க மெரின். மொத்தம் முப்பத்தோரு பிரதி வச்சிருக்கேன்."

அவள் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சப்போகிறாள் என்று காத்திருந்தோம். அவளோ ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள்.

"அப்போ அந்தப் பொண்ணு நெஜமாவே வந்தாளா?" என்று என்னைக் கேட்டாள்.

"வந்திருக்கா. நீதான் வித்திருக்க."

வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள் என்பதையும் மறந்து, "எனக்கு ஒண்ணுமில்ல! நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று கத்தி, குழந்தை மாதிரி அழுதாள் மெரின்.