மார்கழியில் போட்ட பாதை

பாரிஸில் லா சப்பல் பக்கம் வந்து "கொங்கிறீற் றொபின்சன்" என்று கேட்டால் யாரும் ஆளைக் காட்டிவிடுவார்கள். கிழமை நாட்களில் அவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வெங்காயம் உரிப்பவர். சனி, ஞாயிறு மட்டும் மேசன். புறநகரில் தோட்டத்தோடு வீடு வாங்கிய நம் சனத்துக்கு முற்றம், நடைபாதை, கார் நிறுத்தும் தளம் என்று பதினான்கு கோடைகளாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மன்னாரில் பதினாறு வயதிலேயே சாந்துச்சட்டி தூக்கியவர். தொழிலில் தனக்கு யாரும் புதிதாக ஒன்றும் சொல்லித் தரத் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம்தான் ஆளைக் கவிழ்த்தது.

பியர்ஃபித் என்ற புறநகரில் கலாவதி வீடு வாங்கினார். இருபத்திரண்டு வருடம் விடிய முதல் எழும்பி, அலுவலகங்களைத் துடைத்துத் துடைத்து வாங்கிய வீடு. கேற்றிலிருந்து வாசல்வரை வெறும் சேறு. தை பிறந்ததும் புது வீட்டில் குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று. பட்டுச்சேலையோடு வருகிறவர்கள் சேற்றில் மிதிக்கக் கூடாது, ஆகவே மார்கழியிலேயே பாதை போட வேண்டும் என்றார். குளிர்காலத்தில் றொபின்சன் அதுவரை ஒரு சட்டி சாந்துகூடக் குழைத்ததில்லை. ஆனால் மாட்டேன் என்றால் பெயர் என்னாவது? தலையாட்டிவிட்டார்.

ஒரு சனிக்கிழமையில் பன்னிரண்டு மீற்றர் பாதையைப் போட்டு முடித்தார். நல்ல மட்டம், குறை சொல்ல இடமில்லை. மறுநாள் காலை, ஊரில் செய்வதுபோலவே அதன்மேல் சாக்குகளை விரித்துத் தண்ணீர் ஊற்றி நனைத்தார்.

"அக்கா, ஒரு கிழமைக்குக் காலமையும் பின்னேரமும் ரெண்டு ரெண்டு வாளி ஊத்துங்கோ. தண்ணி குடிச்சாத்தான் சீமெந்து இறுகும்."

மன்னார் வெயிலுக்கு அது வேதவாக்கு. அங்கே வெயில் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஊற்றத்தான் வேண்டும். பாரிஸ் மார்கழியில் ஏது வெயில்? கலாவதி பாவம், வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வாளி தூக்கினார். செவ்வாய்க்கிழமை கடும் உறைபனி. ஊற்றிய தண்ணீரெல்லாம் இறுகாத கொங்கிறீற்றுக்குள்ளேயே உறைந்தது.

பனி விட்டதும் பாதையின் மேற்பரப்பு பொரித்த அப்பளம்போலப் பொருக்குப் பொருக்காக எழும்பியது. கலாவதி அனுப்பிய படத்தைப் பார்த்ததும் றொபின்சன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். மிச்சமாய் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கலவைப் பையை மகளிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் பிரெஞ்சு எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை.

"அஞ்சு டிகிரிக்குக் கீழை போடக்கூடாதாம், பப்பா. உறையாமல் மூடி வைக்கோணுமாம்," என்றாள்.

பதினான்கு வருடமாக அதே வகைப் பை. ஒருநாளும் அவர் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

ஆகவே குடிபூரலுக்குப் போனபோது அவருக்கு எல்லாம் தெரியும். பாதையிலிருந்து உதிர்ந்த மணல் வந்தவர்களின் கால்களில் ஒட்டிக்கொண்டு புது வீட்டுக்குள் ஏறியது. கலாவதியின் மகன் கஜனுடைய மாமியார் இராசமலர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதென்ன சம்மந்தி, கடற்கரையோ?" என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு எல்லாக் கண்களும் றொபின்சன்மேல் விழுந்தன.

"அக்கா, பாதைக்கு உப்புப் போட்டனீங்களோ?" என்றார் அவர்.

"ஓம் தம்பி, பனியிலை வழுக்கும் எண்டு ரெண்டு பிடி..."

"அதுதான். உப்புப் பட்டால் சீமெந்து நிக்காது."

எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "கறிக்குப் போடுறதைச் சாந்துக்குப் போட்டிருக்கிறா," என்றார் இராசமலர். கஜன் தாயிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். றொபின்சனுக்குச் சொற்கள் விளங்கவில்லை, கலாவதியின் முகம் சுருங்கியது விளங்கியது. பந்தியில் றொபின்சனுக்குச் சோறு இறங்கவில்லை. இடையில் எழும்பினால் யாராவது சந்தேகப்படுவார்களே என்று இருந்து முழுவதையும் சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வெட்கமாக இருக்கிறது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கலாவதி றொபின்சனுடைய பெயரைக் காப்பாற்றத் தொடங்கினார். கோடை வேலைக்குப் புதிது புதிதாக ஆட்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். "கலாவதியக்கா சொன்னவ, உங்கடை வேலை திறமாம். தான்தான் உப்புப் போட்டுப் பழுதாக்கினதாம்." ஒவ்வொரு அழைப்பும் செருப்படி. தவக்காலத்தில் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவர், தன் முறை வந்ததும் விலகி வெளியே வந்துவிட்டார். சுவாமியாரிடம் சொல்லிவிடலாம், ஆனால் அவர் கலாவதியிடம் போகச் சொல்லுவாரே.

கடைசியில் சித்திரையில் ஒரு சனிக்கிழமை தானாகவே போனார். கலாவதி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்ல முதலே, றொபின்சன் வாசலில் நின்றபடி சொன்னார்.

"அக்கா, உப்பில்லை. குளிருக்கை போட்டதும் நான், தண்ணி ஊத்தச் சொன்னதும் நான்."

"எப்ப தெரியும் உமக்கு?"

"குடிபூரலுக்கு முதலே." தலை தானாகக் குனிந்தது. "முழுக்க உடைச்சுத் திரும்பப் போட்டுத் தாறன், அக்கா."

"பாதை கிடக்கட்டும். அண்டைக்கு என்ரை மகன் என்ன சொன்னவன் தெரியுமோ? 'தெரியாத விசயத்திலை ஏனம்மா கை வைக்கிறீங்கள்' எண்டவன். நான் வாங்கின வீடு, தம்பி. மூண்டு மாதமா ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் அவனைக் கேட்டுத்தான் அடிக்கிறன்."

மன்னிப்புக் கேட்கும் சொற்களை றொபின்சன் ரயிலில் வரும்போது கோத்து வைத்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கலாவதி கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து அவரிடம் நீட்டினார். "எனக்குச் சொன்னது காணாது. அண்டைக்கு எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்னனீர்."

"ஆர், சம்மந்தியோ?" என்றது இராசமலரின் குரல்.

"நான் றொபின்சன், அக்கா. பாதை போட்ட ஆள்." கைப்பேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "அண்டைக்கு நான் உப்பெண்டு சொன்னது பொய். பழுதாக்கினது நான்."

கலாவதி கைப்பேசியை வாங்கி அழைப்பை முடித்து, அடுத்த பெயரைத் தேடி எடுத்து, திரும்பவும் அவர் கையில் வைத்தார்.

"இனி மகனுக்கு," என்றார்.