மாதையன் சார் கேட்ட ஒரு வரி

மாதையன் சார் இறந்த செய்தி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஐந்து நிமிடத்தில் நாற்பது கும்பிடு. பொருளியல் துறைத் தலைவன் என்கிற முறையில் இரங்கல் கூட்டத்துக்கு நான் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு இது பிடிக்காது.

ஒன்பது ஆண்டு அவர் எங்களிடம் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும். சம்பளம் வந்தால் வரும். ஐரோப்பிய நாடுகளில் குடும்ப வருமானம் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்பதுதான் அவர் ஆய்வு. மாரண்டஹள்ளி தக்காளிக்காரர்களின் பிள்ளைகளுக்கு அதை அவர்போல் யாரும் நடத்தியதில்லை. "அங்க கணக்கெடுக்க அதே வூட்டுக் கதவ வருஷா வருஷம் தட்டுறாங்க. போன வருஷம் வசதியா இருந்தவன் இந்த வருஷம் விழுந்திருப்பான். ஒரு வருஷத்தப் பாத்து ஒரு வூட்ட எடை போடாதீங்கப்பா" என்பார்.

வேலை போவதற்கு முந்தின ஆண்டு அவர் மனைவி மாதம்மாள் குத்தகை நிலத்தில் போட்ட தக்காளிக்கு நல்ல விலை. வருமானச் சான்றிதழுக்கு மாதையன் சார் அதையும் சேர்த்து எழுதினார். நாங்களெல்லாம் குறைத்துத்தான் எழுதுவோம். அரிச்சந்திரனுக்கு நீங்கள் என்ன முறை என்று கேலி செய்தேன். "வருமானத்தப் பத்திப் பாடம் நடத்திட்டு நானே பொய் எழுதுனா நல்லாவா சார் இருக்கும்?" என்றார்.

போன ஜூனில் அவருக்கு வேலையைப் புதுப்பிக்கவில்லை. தக்காளியும் விலை போகாமல் ரோட்டோரம் கொட்டினார்கள். பிறகு நெஞ்சுவலி. ஆபரேஷனுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை கேட்டபோது, பழைய சான்றிதழைப் பார்த்து, வருமானம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிய சான்றிதழ் வேண்டுமென்றால், வேலை போனதற்குக் கல்லூரியிலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள்.

என்னிடம் வந்தார். நான் எழுத வேண்டியது ஒரே வரி. நாளைக்கு அவர் அதை வைத்து வேலை கேட்டு வழக்குப் போட்டால் என் தலை உருளுமே என்று பயந்தேன். முதல்வரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அந்த நெஞ்சோடு மூன்று முறை பஸ் ஏறி வந்தார். மூன்றாம் முறை, எனக்குச் சிரமம் வேண்டாமென்று கடிதத்தைத் தானே எழுதி எடுத்து வந்தார். "அவசரமில்லைங்க சார்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சாவுக்குப் போனேன். மாதம்மாள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அந்தக் காயிதம் இனி வேண்டாங்க சார்" என்றார். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் காகிதம் ஒன்றுதான். 'மாதையன் கடந்த ஜூன் முதல் எங்கள் கல்லூரியில் பணியில் இல்லை.' கீழே என் கையெழுத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்.